முதுகுப்பையும் டவுன் பஸ்ஸும்: குமரி மாவட்டத்தைக் குறைந்த செலவில் சுற்ற ஒரு வழிகாட்டி

முதல்முறை நான் குமரி மாவட்டத்துக்குத் தனியாகப் போனபோது நான்கு நாளில் 11,400 ரூபாய் செலவானது. போட்ட திட்டம் 6,000. திரும்பி வந்து கணக்கு எழுதிப் பார்த்தால் 3,000 ரூபாய்க்கு மேல் ஆட்டோவுக்கே போயிருந்தது. பேச்சிப்பாறையில் கடைசிப் பேருந்தை விட்டேன், ஒரு ஆட்டோ. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை போய் நின்றேன், பிறகு அதற்காகவே இன்னொரு நாள், இன்னொரு ஆட்டோ. கன்னியாகுமரியில் இரவு பத்து மணிக்கு அறை தேடி அலைந்தேன், அதற்கும் ஆட்டோ.

இந்த மாவட்டம் சின்னது. கிழக்கே ஆரல்வாய்மொழியில் தொடங்கினால் மேற்கே களியக்காவிளை வரை அரை நாளில் கடந்துவிடலாம். சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் பேருந்து இருக்கிறது. அதனால் இங்கே தூரத்துக்காகப் பெரிதாகக் காசு செலவாவதில்லை. நேரத்தைத் தவறவிட்டால்தான் செலவாகும். எது எத்தனை மணிக்குத் திறக்கும், எது எந்த நாள் மூடும், கடைசி வண்டி எப்போது என்ற மூன்றையும் கையில் வைத்திருந்தால் ஐந்து நாளை ஆறேழாயிரத்துக்குள் முடிக்கலாம். அதற்குப் பிறகு மூன்று முறை போய் வந்துவிட்டேன். நான் பட்டதை நீங்கள் படவேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளைப் போல ஒரு மழையைக் கணக்கில் வைத்தால் போதாது. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மழையில் மலைப்பக்கம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அருவியில் குளிக்கத் தடை வரும், காட்டுப் பாதையை மூடுவார்கள், கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகாது.

நான் சொல்வது ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை. பொங்கல் கூட்டமும் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் வடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் கதிர் பிடித்து நிற்கும். திற்பரப்பு அருவியில் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான் குறை.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை போகிறவர்கள் கன்னியாகுமரிக்கும் வருவார்கள், அறை வாடகை இரண்டு மடங்காகிவிடும். கோட்டார் சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடியும், அந்த வாரம் நாகர்கோவிலில் அறை கிடைப்பது கஷ்டம். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும். அதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் மார்த்தாண்டம் பக்கம் நெரிசல்தான்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆதார் அல்லது வாக்காளர் அட்டை அல்லது ஓட்டுநர் உரிமம், ஏதாவது ஒன்றின் அசல். அதோடு மூன்று நகல். லாட்ஜில் நகல் கேட்பார்கள். இரவு நேரத்தில் ஜெராக்ஸ் கடை தேடி அலைவது வீண் வேலை. ஆதார் நகல் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஓட்டுநர் உரிமத்தைக் கொடுக்கலாம். பான் கார்டை மட்டும் நம்பி வராதீர்கள், அதில் முகவரி இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ரயில் நிலைய ஓய்வறையில் தங்க நினைத்தால் உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் கவனிக்க: வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அவருடைய விவரங்களை அரசிடம் இணையத்தில் பதிய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அந்த வசதி இல்லாததால் அறை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஊர் வந்து சேரும் முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா இரண்டுக்கும் நகல் வைத்திருங்கள்.

3. வந்து சேர்வது

சென்னையிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் விடிகாலை நாகர்கோவில். படுக்கை வசதி நானூற்றுச் சொச்சம் ரூபாய். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. இந்த ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், திறக்கிற நாளிலேயே எடுப்பது நல்லது. தட்கலில் எடுப்பதானால் உங்கள் ஐஆர்சிடிசி கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அதைக் கடைசி நேரத்தில் செய்ய உட்காராதீர்கள்.

இரண்டு நிலையங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாகர்கோவில் ஜங்ஷன் கோட்டார் பக்கம் இருக்கிறது. நாகர்கோவில் டவுன் வேறு நிலையம். திருவனந்தபுரம் பக்கம் போகும் சில ரயில்கள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அதேபோல் மார்த்தாண்டம் போக வேண்டுமென்றால் குழித்துறை நிலையத்தில் இறங்க வேண்டும். தக்கலைக்குக் கிட்ட உள்ள நிலையம் இரணியல்.

விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். அங்கிருந்து கேரள அரசுப் பேருந்தும் தமிழக அரசுப் பேருந்தும் நாகர்கோவிலுக்கு அடிக்கடி உண்டு, 70 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். முன்பதிவில்லாப் பயணிகள் ரயில் கிடைத்தால் அதைவிட மலிவு.

4. எங்கே தங்குவது

புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய தவறு இதில்தான். கன்னியாகுமரி முனையில் அறை எடுத்துவிடுகிறார்கள். முனை மாவட்டத்தின் ஒரு மூலை. அங்கே தங்கினால் தினமும் காலையில் நாகர்கோவிலுக்கு 20 கிலோமீட்டர் வந்துதான் வேறு பக்கம் போக வேண்டும். வாடகையும் அங்கேதான் அதிகம்.

முதல் இரண்டு இரவு நாகர்கோவில், அடுத்த இரண்டு இரவு மார்த்தாண்டம் அல்லது குலசேகரம். இப்படிப் பிரித்துக்கொண்டால் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் தனித்தனியாகக் கைக்குள் வந்துவிடும். நாகர்கோவிலில் வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றி நடக்கிற தூரத்தில் லாட்ஜ்கள் உண்டு. நான் கடைசியாகப் போனபோது ஒருவருக்கு 600 முதல் 700 ரூபாய் கொடுத்தேன். குலசேகரத்தில் லாட்ஜ் குறைவு, அதனால் முன்னாலேயே பேசிவைக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் சிரமமில்லை.

அடுத்தது, தனியாக வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். பல லாட்ஜ்களில் ஒற்றை ஆளுக்கு அறை தர மாட்டார்கள். தனியாக வருகிறவர் தவறான முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. முதல் பயணத்தில் கன்னியாகுமரியில் நான்கு இடத்தில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது இடத்தில் இரண்டு பேர் வாடகையை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்த இரவுக்கு மட்டும் 1,800 ரூபாய் ஆனது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிப்பது இதுதான். ஒரு வாரம் முன்னாலேயே போன் செய்து, "நான் ஒரு ஆள்தான், அறை தருவீர்களா" என்று முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுகிறேன். பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்கிறேன். வரவேற்பு மேசையில் வீட்டு எண்ணைக் கொடுத்து, சந்தேகம் இருந்தால் பேசிப் பாருங்கள் என்கிறேன். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருகிறேன். இத்தனையும் செய்த பிறகு எங்கும் மறுப்பு வந்ததில்லை.

முனையில் ஒரு இரவாவது தங்கி விடியலைப் பார்க்க ஆசைப்பட்டால் விவேகானந்த கேந்திர வளாகத்தில் பலதரப்பட்ட அறைகள் உண்டு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் இருக்கிறது.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை: 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா? சொன்ன வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? விடிகாலை ரயிலில் வருகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்குதான் லாபம். காலை ஆறு மணிக்கு எடுத்த அறைக்கு அன்று மதியமே ஒரு நாள் வாடகை முடிந்துவிட்டது என்று சொல்லும் இடமும் இருக்கிறது.

5. பேருந்தில் போய்ப் பழகுங்கள்

நாகர்கோவிலில் இரண்டு நிலையம். வெளியூர் வண்டிகளும் மார்த்தாண்டம், திருவனந்தபுரம் வண்டிகளும் வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்திலிருந்து. சுற்றியுள்ள கிராமங்களுக்கான டவுன் பஸ்கள் பெரும்பாலும் மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவே நடக்கலாம், பையோடு என்றால் ஒரு டவுன் பஸ் பிடிக்கலாம்.

ஊர்ப் பெயர்கள் காதில் ஒன்றுபோல விழும். குளச்சல் கடற்கரை. குலசேகரம் மலையடிவாரம். குழித்துறை ஆற்றங்கரை. மூன்றும் மூன்று திசை. அவசரத்தில் "குள..." என்று கேட்டதும் ஏறிவிடாதீர்கள். திங்கள்சந்தையும் திங்கள்நகரும் ஒரே ஊர், பலகையில் எந்தப் பெயர் வேண்டுமானாலும் இருக்கும். பலகையில் சேருமிடத்தைவிட அதன் கீழே 'வழி' என்று போட்டிருக்கும் ஊர்களைத்தான் நான் முதலில் படிக்கிறேன்.

ஏறியதும் நடத்துநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து திரும்புகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு. கைபேசி வரைபடத்தில் கடைசி வண்டி நேரம் சரியாக இருக்காது. நடத்துநருக்குத் தெரியும், நிறுத்தத்தின் டீக்கடைக்காரருக்கும் தெரியும். பேச்சிப்பாறையில் நான் அணையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நிறுத்தத்துக்கு வந்தபோது ஒரு அம்மா, "வண்டி போயாச்சே மக்களே, முன்னாடியே கேட்டிருக்கப்படாதா" என்றார். அன்று குலசேகரம் வரை ஆட்டோவுக்கு 500 ரூபாய். மாலை ஐந்து மணிக்குள் மலைப்பக்கத்திலிருந்து கிளம்பிவிடுவது என்று அன்று வைத்துக்கொண்ட வழக்கத்தை இன்றும் மாற்றவில்லை.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. கொடுக்கும் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புறநகர் வண்டிகளிலும் கேரள வண்டிகளிலும் இது செல்லாது, ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். சில்லறையாக 10, 20 ரூபாய்த் தாள்கள் 300 ரூபாய்க்கு வைத்திருங்கள். பை பெரிதாக இருந்தால் சுமைக்குத் தனிச் சீட்டு கேட்கலாம். 40 லிட்டருக்கு உட்பட்ட பையை மடியில் வைத்துக்கொண்டால் யாரும் கேட்பதில்லை.

6. நாட்களை அடுக்குவது

ஐந்து நாள் என்று வைத்து எழுதுகிறேன். நான்கே நாள் இருந்தால் முனையை விட்டுவிடுங்கள், கிராமப்பக்கத்தை விடாதீர்கள். இது என் விருப்பம்தான், ஆனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த பிறகு வந்த விருப்பம்.

முதல் நாள், முனை. நாகர்கோவிலில் ஆறரைக்கு வண்டி ஏறினால் ஏழரைக்குள் படகுத் துறையில் நிற்கலாம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணியோடு நின்றுவிடும். பதினோரு மணிக்குப் போய் நின்றால் விடுமுறை நாளில் இரண்டு மூன்று மணி நேர வரிசை. அங்கேதான் பல மடங்கு விலையுள்ள சிறப்புச் சீட்டை வாங்கத் தோன்றும். முதல் படகுக்கே போய்விட்டால் சாதாரணச் சீட்டு போதும். பாறையையும் 133 அடி திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. அதனால் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம்.

மதியம் வட்டக்கோட்டை. கடலோரக் கருங்கல் கோட்டை, காற்று நன்றாக இருக்கும், கூட்டம் குறைவு. மாலை நான்கரைக்கு மேல் திரும்பும் வழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோவில். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் இந்த வரிசை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவிலிலும் இதே முறைதான். அரைக்கால் சட்டையில் போகாதீர்கள், ஒரு வேட்டி பையில் இருந்தால் எல்லாக் கோவிலுக்கும் ஆகும்.

அஸ்தமனம் பற்றி ஒரு வார்த்தை. வருடம் முழுவதும் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க முடியாது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கே இறங்குவதால் கடலில் விழும். ஆனி, ஆடியில் வடமேற்கே கரைப்பக்கம் போய்விடும். படம் பார்த்துவிட்டு ஜூலையில் வந்து ஏமாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், நாஞ்சில் நாடு. விடிவதற்கு முன்பே எழுந்து திருநெல்வேலி சாலையில் தோவாளைப் பூச்சந்தை. பிச்சியும் மல்லியும் கேந்தியும் குவியல் குவியலாகக் கிடக்கும். சந்தை காலையிலேயே களைகட்டி முடிந்துவிடும், ஒன்பது மணிக்குப் போய்ப் பயனில்லை. வியாபாரம் நடக்கும்போது நடுவில் நின்று படமெடுக்காமல் ஓரமாக நில்லுங்கள், தலைச்சுமையோடு ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து நாகர்கோவில் வந்து பூதப்பாண்டி, தெரிசனங்கோப்பு, அழகியபாண்டியபுரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். எனக்கு இந்த மாவட்டத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். அதன் காலடி வரை வயல். வயலுக்கு நடுவே குளம், தென்னை, வாழை. நடக்க நல்ல இடம் சானல்கரை. பாசனக் கால்வாயை இங்கே சானல் என்பார்கள். கரையோரமாகப் பாதை போகும், நிழல் இருக்கும், வழி தவறாது. ஏதாவது ஒரு ஊரில் இறங்கி, சானல்கரை எது என்று கேட்டு, அடுத்த ஊர் வரை ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து, அங்கே மறுபடி பேருந்து ஏறுங்கள். ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணம் இல்லை. குளிக்கும் துறைகளில் ஆண்கள் துறை, பெண்கள் துறை தனித்தனி. அங்கே கேமராவை எடுக்கவே வேண்டாம்.

மாலையில் உடம்பில் தெம்பு இருந்தால் சுசீந்திரம்–தேரூர் குளக்கரை, பறவைகள் வந்து இறங்கும் நேரம். விடியற்காலை மலை ஏற விரும்புகிறவர்கள் வேறொரு நாள் பொற்றையடியில் இறங்கி மருந்துவாழ் மலை ஏறலாம். மேலிருந்து கடலும் வயலும் காற்றாலைகளும் சேர்ந்து தெரியும். வெயில் ஏறிய பிறகு அந்த மலையில் நிழல் குறைவு, எட்டு மணிக்குள் இறங்கிவிடப் பாருங்கள்.

மூன்றாம் நாள், தக்கலை முதல் திருவட்டார் வரை. அறையைக் காலி செய்து பையோடு கிளம்புங்கள். தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்தே போகலாம். அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை. பன்னிரண்டரைக்குப் போனால் அவசர அவசரமாக ஓட்டிவிடுவார்கள், ஒன்பதுக்கே போங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு, செருப்பு வெளியே.

மதியம் சாப்பிட்டுவிட்டுத் திருவட்டார் வண்டி. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் மூன்று கிலோமீட்டர் அளவு. பேருந்து குறைவு, நான் நடந்துதான் போனேன், ரப்பர் தோட்டத்து நிழல் வழி. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 384 மீட்டர் நீளத்துக்கு, 28 தூண்களில் ஒரு கால்வாயையே தூக்கி வைத்திருக்கிறார்கள். 1966-இல் கட்டியது. மேலே நடந்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். படி வழியாகக் கீழே ஆற்றுக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் உறைக்கும். ஐந்து மணிக்குத் திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோவில். 22 அடிக்குப் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். இரவு மார்த்தாண்டம் அல்லது குலசேகரம்.

நான்காம் நாள், மலைப்பக்கம். குலசேகரத்திலிருந்து திற்பரப்பு சில நிமிடங்கள்தான். காலை எட்டு ஒன்பதுக்குள் குளித்துவிட்டால் கூட்டத்துக்கு முன்பே வந்துவிடலாம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தால் அருவியில் வெள்ளம் வரும், குளிக்கத் தடை போடுவார்கள். மழை நாளில் குலசேகரத்திலேயே கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் பேச்சிப்பாறை. மதியத்துக்குள் திரும்பினால் மார்த்தாண்டம் வழியாகச் சிதறால் மலைக்கோவில். கல் பாவிய பாதையில் மெதுவாக ஏற வேண்டும். பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. மேலே நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோப்புதான்.

ஐந்தாம் நாள், மேற்குக் கடற்கரை. மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம். தாமிரபரணி கடலில் சேரும் பொழிமுகம் இங்கேதான். இங்கே தாமிரபரணி என்பது குழித்துறையாறு, திருநெல்வேலித் தாமிரபரணி இல்லை. பிறகு குளச்சல், முட்டம் என்று கடலோரமாக ஊர் ஊராக மாறி வாருங்கள். முட்டத்தில் செந்நிற மண்மேடும் பாறைகளும் கலங்கரை விளக்கமும். மாலை நாகர்கோவில் திரும்பி ரயில்.

7. காட்டுக்குள் போவதற்கு முன்

காளிகேசம், உலக்கை அருவி, பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள இடங்கள் எல்லாம் வனத்துறையின் கீழ் வருகின்றன. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பார்கள், நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்ப்பார்கள். மழை, யானை நடமாட்டம், காட்டுத்தீக் காலம், எதற்காக வேண்டுமானாலும் ஒரு நாளில் மூடிவிடுவார்கள். அதனால் காட்டுப் பயணத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், அந்த நாளுக்கு மாற்று ஒன்று வைத்திருங்கள். நடைப்பயணம் போக விரும்பினால் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் வழிகாட்டியோடு பதிவு செய்யலாம். உள்ளூர் ஆள் யாராவது "நான் கூட்டிப் போறேன், சீட்டு வேண்டாம்" என்றால் போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மீதுதான்.

மேலே காணி என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் வீட்டையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுப்பது தவறு. கைபேசி சிக்னலும் அங்கே நம்பத் தகுந்ததல்ல. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், ஒரு சின்னப் பொட்டலம் உப்பு வைத்திருங்கள்.

8. கடலில் கால் வைக்கும் முன்

இதை யாரும் சுற்றுலாப் பட்டியலில் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதியே ஆக வேண்டும். இந்தக் கரையில் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. தூரத்துக் கடலில் எழும் நீண்ட அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில், திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இப்படித்தான் அலையில் சிக்கி இறந்தார்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறதா என்று அன்றன்று செய்தி பாருங்கள். கரையில் மீனவர்கள் யாராவது "இன்னைக்கு வேண்டாம்" என்றால் அதுதான் கடைசி வார்த்தை. முட்டத்துப் பாறைகளில் ஈரமான பாறையில் நின்று படம் எடுக்க வேண்டாம். சொத்தவிளை, சங்குத்துறை இரண்டும் மணற்கரைகள், மாலையில் உட்கார்ந்திருக்க நல்ல இடங்கள். குளிக்க அல்ல.

9. சாப்பாடு

செலவு குறைவதும் மனசு நிறைவதும் இங்கேதான். காலையில் புட்டும் கடலையும், அல்லது ஆப்பம். மதியம் சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும். சாயங்காலம் டீக்கடையில் பால் சேர்க்காத கட்டன்சாயாவும் பழம்பொரியும், அல்லது ரசவடை. மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்து மீன்கறியோடு தருகிற சின்னக் கடைகளை மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் தேடுங்கள், இரவுச் சாப்பாடு அதிலேயே முடிந்துவிடும். நடக்கும்போது பசித்தால் மட்டி என்ற சின்ன வாழைப்பழம். விரல் நீளம்தான் இருக்கும், வாசனை ஆளை இழுக்கும். பனை இறங்கும் காலத்தில் அக்கானி கிடைக்கும். பதநீரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

மீன் பிரியர்களுக்கு ஒரு தகவல்: விசைப்படகுத் தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் மீன் விலை ஏறியிருக்கும். விலை கேட்காமல் பெரிய மீன் வறுவல் சொல்லிவிடாதீர்கள். முனையில் கடற்கரைக் கடைகளில் எப்போதுமே விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

10. செலவுக் கணக்கு

கடைசிப் பயணத்தில் ஐந்து நாள், நான்கு இரவுக்கு, ஒரு ஆளுக்கு எனக்கு ஆனது:

- அறை: 2,600
- சாப்பாடு, டீ, பழம்: 1,550
- பேருந்து: 520
- படகு, நுழைவுச் சீட்டுகள்: 450
- ஆட்டோ, இரண்டு முறை: 280
- சென்னை ரயில், போகவர: 870

மொத்தம் 6,270 ரூபாய். இரண்டு பேராகப் போனால் அறைச் செலவு பாதியாகும், தலைக்கு ஐயாயிரத்துக்குள் முடியும். இதோடு 1,500 ரூபாயைத் தனி உறையில் போட்டுப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். அது கடைசி வண்டி போய்விட்ட இரவுக்கு.

ஆட்டோ பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், நிலையத்தின் வாசலில் பேசாமல் நூறு மீட்டர் தள்ளி வந்து, ஒரு டீக்கடையில் நியாயமான கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். காத்திருக்கச் சொல்வதானால் காத்திருப்புக்கும் சேர்த்து ஏறும் முன்பே பேசிவிட வேண்டும்.

11. பை

எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. சீக்கிரம் காயும் துணி மூன்று செட், ஒரு வேட்டி அல்லது துப்பட்டா, துண்டு, குடை. மழைக்கோட்டைவிடக் குடை மேல், வெயிலுக்கும் ஆகும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், ஒரு மஞ்சப்பை. ஈரத் துணிக்குத் தனி உறை, ஏனென்றால் இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், இரவில் போட்டது காலையில் காய்ந்திருக்காது. டார்ச், உப்பு, சில்லறை. நான்காம் நாள் மலைப்பக்கம் போகும்போது பெரிய பையை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, அடையாள அட்டை, பணம், தண்ணீர் மட்டும் சின்னப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க அரை கிலோ இடம் விட்டு வையுங்கள். வடசேரியில் கண்ணெதிரே வறுத்துத் தருகிற கடையாகப் பார்த்து வாங்கி, சூடு ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊர் போய்ச் சேர்வதற்குள் நமத்துவிடும்.